குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறதா?

குனிந்து நிமிரும்போது சில நொடிகள் கண் இருட்டிவிட்டுத் தெளிந்தால், பித்தம் என்றோ ரத்தக் குறைவு என்றோ நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். எனக்கு அது, மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடும் நோயாக (ஆங்கிலத்தில் Idiopathic Intracranial Hypertension) இருந்தது. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எனக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நிமிர்ந்தாலே ஒரு கண்ணில் எல்லாம் சாம்பலாக மங்கும். என்னவென்று யோசிப்பதற்குள் சரியாகிவிடும். இரவில் படுத்தால் காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘உஸ் உஸ்’ என்று சத்தம். அப்புறம், தூரத்தில் வரும் பஸ் பக்கத்துப் பக்கத்தில் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. தலைவலியும் உண்டு, ஆனால் அது எனக்குப் புதிதில்லை.

கண்ணாடிக் கடையில் கடைசி வரி வரை படித்தேன். பவர் மாறவில்லை என்றார்கள். அது உண்மைதான். இந்த நோயில் நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் கெடும். முதலில், எல்லோர் கண்ணிலும் இயல்பாகவே பார்வை இல்லாத குருட்டுப்புள்ளி பெரிதாகும், ஓரப்பார்வை குறையும். எழுத்துப் பலகை அதைக் காட்டாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உள்ளே பார்த்த கண் மருத்துவர்தான், இரண்டு பார்வை நரம்புகளும் வீங்கியிருப்பதைக் கண்டு அன்றே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினார்.

எம்.ஆர்.ஐ.யும், மூளையிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளைப் பார்க்கும் எம்.ஆர்.வி.யும் எடுத்தார்கள். கட்டி இல்லை, சிரையில் ரத்தக்கட்டும் இல்லை. அடுத்தது முதுகில் ஊசி போட்டுத் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரின் அழுத்தத்தை அளப்பது. நான் மிகவும் பயந்தது இதற்குத்தான். ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுக்கவைத்து, முதலில் மரத்துப்போக ஊசி போட்டார்கள். அதன்பின் இடுப்பில் யாரோ அழுத்துவது மட்டும்தான் தெரிந்தது. அந்த அழுத்தத்தை நீர் குழாயில் எழும் உயரமாக அளப்பார்கள். பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டருக்கு மேல் போனால் அதிகம், எனக்கு 36. மறுநாள் உட்கார்ந்தால் தலை வெடித்தது, படுத்தால் அடங்கியது. ஊசிக்குப் பின் அப்படி வரலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை.

மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் காரணம் தெரியாமல் கூடும் இந்த நோய், எடை கூடிய இளவயதுப் பெண்களுக்கே அதிகம் வருகிறது. டாக்சிசைக்ளின் போன்ற முகப்பரு மாத்திரைகளாலும், வைட்டமின் ஏ மிகுதியாலும் அழுத்தம் கூடலாம் என்பதால், என்னென்ன மருந்து சாப்பிட்டேன் என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். பட்டியல் எழுதி எடுத்துப் போங்கள்.

அந்த நீர் சுரப்பதைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை தொடங்கியதும் விரல் நுனியெல்லாம் மதமதத்தது, சோடா இரும்பு ருசி அடித்தது. உப்பையும் எடையையும் குறைப்பது மாத்திரைக்கு இணையான சிகிச்சை என்றார்கள். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. பார்வை வேகமாகக் குறைந்தால் அறுவை சிகிச்சை வரை போகவேண்டியிருக்கும். எனக்கு அது தேவைப்படவில்லை. இப்போது நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது. ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தும் பார்வைப் புலப் பரிசோதனை மட்டும் தொடர்கிறது. அந்தத் தாள்களையெல்லாம் ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன். மருத்துவர் ஒவ்வொரு முறையும் பழையதோடு ஒப்பிட்டுத்தான் மாத்திரை அளவை முடிவு செய்கிறார்.