ராத்திரி முழுக்கத் தொங்கிய பாவாடை

சென்னைப் புறநகரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தின் சாம்பிள் அறையில் பேட்டர்ன் உதவியாளராகச் சேர்ந்த புதிதில், ஃபேஷன் டிசைனர் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாடல்கள் எல்லாரும் நடந்து முடித்த பிறகு மேடைக்கு ஓடிவந்து கைகூப்பிவிட்டு உள்ளே போய்விடுகிற ஆள். அவர்களுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வருவது பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிற நிறுவனம், அனுப்பிய ஒரு படமும் அளவுப் பட்டியலும். அதைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, டைலரிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்த எண்ணம் மாறக் காரணம் ஒரு பாவாடை. கிராஸில், அதாவது துணியைச் சாய்வாக வைத்து, வெட்ட வேண்டிய, நல்ல வீச்சுள்ள பாவாடை. சாயந்திரம் தைத்து முடித்ததும் டேப் வைத்துச் சுற்றிலும் அளந்தேன். கீழ் ஓரம் கச்சிதம். டம்மியில் மாட்டியபடியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் கூரியர் ஆள் வந்து நின்ற அவசரத்தில், திரும்ப அளக்காமல் மடித்து அனுப்பிவிட்டேன். பத்து நாளில் பையரின் குறிப்பு வந்தது: கீழ் ஓரம் சில இடங்களில் ஒன்றரை அங்குலம் இறங்கியிருக்கிறது, சில இடங்களில் அப்படியே இருக்கிறது, இந்த பேட்டர்னை யார் போட்டது?

நான் போட்டதுதான். எங்கள் மாஸ்டரிடம் போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஏம்மா, தொங்க விட்டதுக்கு அப்புறம் ஹெம் மடிச்சியா, மடிச்சிட்டுத் தொங்க விட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

விஷயம் இதுதான். துணியில் நீளவாட்டில் ஒரு நூல், குறுக்குவாட்டில் ஒரு நூல். அந்த வாட்டத்திலேயே வெட்டினால் துணி சொன்ன பேச்சைக் கேட்கும். சாய்வாக, 45 டிகிரியில் வெட்டினால் பிடிமானம் போய்விடும். நூல்கள் கத்தரிக்கோலின் இரண்டு கைகள் மாதிரி நெருங்கும், துணி நீளும், உடம்போடு ஒட்டி வழியும். தையற்கடையில் "கிராஸ் கட்டா, சாதாவா?" என்று கேட்கிறார்களே, அதே கிராஸ்தான். ரவிக்கை சின்னது, அதிகம் இறங்காது. பாவாடையில் துணியின் கனமே அதைக் கீழே இழுக்கும். அதுவும் ஒரே மாதிரி இழுக்காது: கிராஸ் விழுகிற இடத்தில் இறங்கும், நேர்வாட்டம் விழுகிற இடத்தில் இறங்காது. அதனால் ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, இறங்குவதெல்லாம் இறங்கி முடித்த பிறகுதான் ஓரத்தைச் சமமாக்கி மடிக்க வேண்டும்.

அடுத்த சில மதிய இடைவேளைகளில் கம்ப்யூட்டரில் கிராஸ் கட்டிங்கைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எங்கே போனாலும் ஒரு பெயர் வந்து நின்றது. மதலேன் வியோனே. 1876இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். பன்னிரண்டு வயதுவாக்கில் தையல் வேலை பழகப் போனவர், 1912இல் பாரிஸில் சொந்தக் கடை தொடங்கினார். காலர், கைப்பட்டி என்று ஓரஞ்சாரத்தில் மட்டும் பயன்பட்டுவந்த கிராஸை முழு கவுனுக்கும் கொண்டுவந்து பேர் வாங்கியவர். உள்ளே எலும்பும் கம்பியும் வைத்து இடுப்பை இறுக்கும் கார்செட் இல்லாமல், துணி மட்டுமே உடம்பின் வடிவத்தைச் சொல்லும் ஆடைகள்.

அவர் தாளில் வரைந்து வடிவமைக்கவில்லை. பாதி அளவில் ஒரு மரப் பொம்மை வைத்திருந்தார். அதன்மேல் துணியைப் போட்டு, குண்டூசி குத்தி, திருப்பி, வெட்டி, சரியாக வந்த பிறகே அதை முழு அளவுக்குப் பெரிதாக்கினார். படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது டிசைனர் செய்கிற வேலை இல்லையே, எங்கள் அறை வேலையல்லவா? பெரிய அளவில் துணியை வீணாக்காமல் யோசிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. நானும் வீட்டில் ஒரு பழைய பொம்மைக்குக் காடாத் துணி சுற்றிப் பார்த்தேன். பொம்மைக்கு இடுப்பே இல்லை. அந்தக் கதை வேண்டாம்.

இன்னொரு விஷயம், டிசைன் பற்றிய பேச்சில் பலரும் ஒரு வரியில் தாண்டிப் போவது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த அவருடைய நிறுவனத்தில் சாப்பாட்டுக்கூடம், மருத்துவர், பல் மருத்துவர், சம்பளத்துடன் விடுப்பு எல்லாம் இருந்தன. பிரான்ஸில் சம்பளத்துடன் விடுப்பு சட்டமானது 1936இல்தான். தையல்காரர்களுக்கு முக்காலி இல்லை, முதுகு சாய்க்கிற நாற்காலி. எட்டு மணி நேரம் குனிந்து தைத்த முதுகுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும். அவருடைய கவுன்களைவிட எனக்கு இதில்தான் மதிப்பு அதிகம் என்றால், அது கொஞ்சம் பொய். இரண்டும்தான்.

வியோனேவிலிருந்து இன்னொரு டிசைனரான பலென்சியாகாவுக்குப் போனேன். தையல்காரியின் மகன், ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரை ஊரில் 1895இல் பிறந்தவர். வரைவது, வெட்டுவது, கூட்டுவது, கையால் தைப்பது எல்லாம் அவருக்கே வரும். அவருக்கு இருந்த ஒரு பைத்தியம் எனக்கும் உண்டு: சட்டைக் கை. சட்டையில் மிகக் கஷ்டமான இடம் கையைத் தோளோடு கூட்டும் வட்டம். கை தூக்கினால் சட்டை மேலே ஏறக் கூடாது, இறக்கினால் அக்குளில் மூட்டையாகச் சேரக் கூடாது. தைத்து முடித்த கையைக்கூடப் பிரித்துப் பிரித்துத் திரும்ப வைப்பாராம். 1961இல் ஒரே ஒரு தையலில் ஒரு கோட்டே செய்தார். அந்தக் கோட்டின் பேட்டர்ன் எப்படி இருக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நியூஸ்பேப்பரை வெட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

2017இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய ஆடைகளை எக்ஸ்ரே எடுத்துக் காட்சிக்கு வைத்தது. அந்தப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். வெளியே காற்றில் மிதக்கிற மாதிரி இருக்கும் கவுனுக்குள் கார்செட்டில் வைக்கிற மாதிரி எலும்புகள், பாவாடை சரியாக விழுவதற்கென்று இடம் பார்த்து வைத்த சின்னச் சின்ன எடைகள். பார்க்கிறவருக்கு லேசாகத் தெரிய வேண்டுமென்றால் உள்ளே இத்தனை கனம் வேண்டியிருக்கிறது.

எங்கள் வேலை அப்படி இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. மார்க்கரில், அதாவது வெட்ட வேண்டிய துண்டுகளைத் துணிமேல் நெருக்கி அடுக்கிய வரைபடத்தில், இரண்டு அங்குலம் மிச்சம் பிடித்தால் ஆயிரக்கணக்கான பீஸுக்கு எவ்வளவு துணி மிஞ்சும் என்பதுதான் எங்கள் பேச்சு. கிராஸ் என்றாலே, ஆர்டரையும் செலவுக் கணக்கையும் பார்க்கிற மெர்ச்சண்டைசர் முகம் சுருங்கும். வெட்டு சாய்வாக விழும்போது இடையில் நிறையத் துணி வீணாகும். வியோனேவோ வழக்கத்தைவிட மிக அகலமாகவே துணி நெய்து தரச் சொல்லி வாங்கினார், ஓட்டுத் தையல் இல்லாமல் கிராஸ் போடுவதற்காக.

ஒருநாள் இதையெல்லாம் மாஸ்டரிடம் சொன்னேன். டீ குடித்துக்கொண்டே கேட்டார். துணி அகலத்தைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டார். "அந்தம்மா நம்ம கட்டிங்ல இருந்திருந்தா மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

செல்போனில் ஒரு கவுன் படத்தைக் காட்டினேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை விரலால் பெரிதாக்கி, இடுப்பிலிருந்து ஓரம்வரை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"சைடுல தையலே காணோமே. முதுகு எங்க இருக்கு, முதுகைக் காட்டு."

பிறர் காப்பியடித்துவிடக் கூடாதென்று வியோனே தன் ஆடைகளை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று படமெடுத்து ஆல்பமாகச் சேர்த்து வைத்திருந்தார். அடுத்த படத்தைத் தள்ளினேன்.

"ம்... இங்க கொண்டுவந்து முடிச்சிருக்காங்க," என்றார் மாஸ்டர். போனை என்னிடம் திருப்பித் தரவில்லை.