ஜெபக் கடிதம் எழுதாத மூன்று மாதம்

2018 ஜனவரியில் சியரா லியோனுக்குப் போனேன். மேற்கு ஆப்பிரிக்காவில் அட்லாண்டிக் கடலோரம் இருக்கும் சின்ன நாடு. உள்நாட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் இரண்டு வருஷம் நர்ஸாக ஊழியம் செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது. தங்க இடமும் மதியச் சாப்பாடும் தருவார்கள், மற்ற செலவை அனுப்புகிற சபை பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சபை தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். வசதியானவர்கள் என்று யாரும் இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்தான் பொறுப்பெடுத்தார்கள். எங்கள் பக்கம் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்கு வரும், விற்ற பணம் ஊழியத்துக்குப் போகும். 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போன காலத்திலிருந்து, ஆள் அனுப்பிப் பழகிய ஊர்கள் எங்களுடையவை. ஆனால் என்னை அனுப்பும்போது அந்தப் பெருமையெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. இத்தனை பேர் சோற்றில் கைவைத்துவிட்டுப் போகிறேனே என்ற பயம்தான் இருந்தது.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "மாசம் ஒரு கடிதம் எழுது தாயி. கர்த்தர் அங்க என்ன செய்யிறாருன்னு எழுது. நாங்க வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல வாசிப்போம்" என்றார் ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி.

போவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக போலீஸ் சான்றிதழ், நர்சிங் பதிவுக்கான நகல்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த மஞ்சள் அட்டையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள்.

விமான நிலையம் லுங்கியில் இருக்கிறது, தலைநகர் ஃப்ரீடவுன் முகத்துவாரத்துக்கு அக்கரையில். படகில் கடந்து, அப்புறம் பல மணி நேரம் உள்ளே போக வேண்டும். ஹர்மட்டான் காற்று வீசுகிற மாதம். சகாராவின் புழுதி வானத்தையே மூடியிருந்தது. வழியெல்லாம் எண்ணெய்ப் பனை. இடுப்பைச் சுற்றி வளையம் போட்டு ஒருவர் மரம் ஏறிக்கொண்டிருந்தார். என் தாத்தா பனையேறி. அந்த ஆளைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகிவிட்டது. வந்து சேர்ந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. என்ன சாப்பிட்டாலும் சோறு சாப்பிடாவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் "இன்னும் சாப்பிடவில்லை" என்றுதான் சொல்வார்கள். சோற்றின் மேல் மரவள்ளிக் கீரையைச் செம்பனை எண்ணெயில் சமைத்து ஊற்றுவார்கள். முதல் வாரம் நாக்கு ஏற்கவில்லை, மூன்றாம் வாரம் தேட ஆரம்பித்துவிட்டது.

பேச கிரியோ மொழி கற்றுக்கொண்டேன். எங்கள் பகுதியில் மெண்டே பேசுகிறவர்கள் அதிகம். மெண்டேயில் ஒருவரை நலம் விசாரித்தால் "காயிங்கோமா" என்று பதில் வரும். கடவுள்மேல் குறை ஏதும் இல்லை என்று அர்த்தம். நமக்கு "நல்லா இருக்கேன்" எப்படியோ அப்படி, நாளுக்கு இருபது தடவை நானும் சொன்னேன்.

எனக்குச் சங்கடமாக இருந்தது காலை ஜெபம்தான். அந்த நாட்டில் முஸ்லிம்களே பெரும்பான்மை. ஒரே வீட்டில் இரண்டு மார்க்கத்தாரும் இருப்பார்கள். கூட்டம் எதுவானாலும் கிறிஸ்தவ ஜெபம் ஒன்று, முஸ்லிம் துஆ ஒன்று என்று சொல்லித்தான் தொடங்குவது வழக்கம். எங்கள் வார்டிலும் அப்படியே. மிஷன் ஆஸ்பத்திரியில் இது எதற்கு என்று முதல் மாதங்களில் எனக்குள் ஒரு முணுமுணுப்பு. துஆ முடியும்வரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஜூலை வரை ஆறு கடிதங்கள் எழுதினேன். பிழைத்த குழந்தைகள், கேட்கப்பட்ட ஜெபங்கள். எழுதியதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் இறந்த குழந்தைகளை எழுதவில்லை.

மழைக்காலத்தில் மலேரியா கூடும். ஆகஸ்டில் ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள் படுக்கும் நிலை. ஒரு ராத்திரி டியூட்டியில் மூன்று வயதுப் பெண்குழந்தையைப் பாட்டி முதுகில் துணியால் கட்டித் தூக்கி வந்தாள். உள்ளங்கை காகிதம்போல வெளுத்திருந்தது. ஹீமோகுளோபின் 2.9. மலேரியாவுக்கான ஆர்ட்டிசுனேட் ஊசியை உடனே போட்டோம். அதை 12 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் மறுபடி போட வேண்டும். அதுவரை குழந்தை தாங்குவதற்கு ரத்தம் வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு பைகூட இல்லை. அங்கே சொந்தக்காரர்கள் கொடுத்தால்தான் ரத்தம். தாய் வேறு ஊரில் இருந்தாள், பாட்டியோ தள்ளாதவள். குழந்தை ஓ பாசிட்டிவ், நானும் ஓ பாசிட்டிவ். லேபில் இருந்த தம்பியை எழுப்பிக் கையை நீட்டினேன்.

பை நிறைய நிறைய ஜெபித்தேன். இவ்வளவு நிச்சயத்தோடு நான் ஜெபித்ததே இல்லை. எழுந்து வந்து பாட்டியின் கையைப் பிடித்து, கடவுள் உதவுவார், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னேன். எந்த நர்ஸும் சொல்லக்கூடாத வார்த்தை அது. தெரிந்தேதான் சொன்னேன்.

11 கிலோ எடைக்கு 220 மில்லி. சொட்டுச் சொட்டாக ஏறியது. பாதி ஏறும்போது ஜெனரேட்டர் நின்று ஆக்சிஜன் மெஷினும் நின்றது. கையால் அமுக்குகிற காற்றுப் பையால் மூச்சு கொடுத்துக்கொண்டே இருந்தோம். கரண்ட் திரும்ப வந்தது. விடிவதற்கு முன் குழந்தை போய்விட்டது.

கையிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுப் பழக்கத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஸ்டாண்டில் என் ரத்தம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

பாட்டி என் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைத் தடவி "ஓஷ் யா" என்றாள். கஷ்டத்தில் இருப்பவரிடமும், பாரம் சுமப்பவரிடமும் கிரியோவில் சொல்கிற ஆறுதல் வார்த்தை. பேத்தியைப் பறிகொடுத்தவள் அதை எனக்குச் சொன்னாள். குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே போகும்போது, விஷயம் தெரியாத வாட்ச்மேன் வழக்கம்போல் நலம் விசாரித்தார். அவள் நின்று, "காயிங்கோமா" என்று பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம்கூட இல்லை. முழங்காலில் நின்றால் மழைச் சத்தம்தான் கேட்கும். வேலைக்குப் போனேன், மருந்து கொடுத்தேன், ஞாயிறு ஆராதனையில் பாடினேன். கடிதம் மட்டும் எழுத முடியவில்லை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். ஐயரம்மா கேட்டபோது நெட்வொர்க் இல்லை என்று பொய் சொன்னேன். அவர்கள் பிடியரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு சொன்ன பொய்.

வார்டில் மூத்த நர்ஸ் ஒருவர், முஸ்லிம் அம்மா. 2014-இல் வந்த எபோலாவில் வேலை பார்த்தவர். அந்த நாட்டில் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள், அதில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் மட்டும் 200-க்கும் மேல். ஒரு நாள் இருவரும் குளோரின் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்களில் எப்படித் தொழுதீர்கள் என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நாலு மாதம் நான் தொழவில்லை. என் அம்மா எனக்கும் சேர்த்துத் தொழுதாள்."

அன்று ராத்திரி கடிதம் எழுதினேன். குழந்தை, பஞ்சு, பாட்டி, நெட்வொர்க் பொய், ஜெபம் வராதது எல்லாவற்றையும். பணத்தை நிறுத்திவிட்டாலும் நியாயம்தான் என்று கடைசியில் எழுதினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐயரம்மாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லையாம். அப்புறம் பின்வரிசையில் எப்போதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியம்மா, தன் முதல் பிள்ளை காய்ச்சலில் போனதைச் சொன்னாராம். முப்பது வருஷத்தில் கூட்டத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை. பதிவின் கடைசியில் ஐயரம்மா, "அந்தப் பிள்ளை பேரென்ன, எழுதி அனுப்பு. உனக்கும் சேர்த்து நாங்க ஜெபிக்கோம். நீ வேலையப் பாரு" என்றார்.

நான் வேலையைப் பார்த்தேன். ஜெபம் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. டிசம்பரில் ஒரு காலை, அந்த மூத்த நர்ஸ் துஆ சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். எங்கேயோ என் சார்பில் யாரோ பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. பிறகு என் முறை வந்தபோது இரண்டு வரி சொல்ல முடிந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் சொன்னால் மிகையாகிவிடும்.

ரத்தம் இல்லாத ஃபிரிட்ஜ் மட்டும் என்னை விடவில்லை. மேட்ரனிடம் பேசினேன். அவர் போதகரிடமும் இமாமிடமும் பேசினார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் அறிவித்தார்கள். ரத்தப் பிரிவு பார்த்து, ஃபோன் நம்பரோடு ஒரு நோட்டில் பெயர் எழுதினோம். 2019 மழை தொடங்கும் முன் 61 பேர் சேர்ந்துவிட்டார்கள். பாதிப் பேர் ஒகடா ஓட்டும் பையன்கள், அதாவது வாடகை மோட்டார் சைக்கிள். ராத்திரி கூப்பிட்டால் மழையில் நனைந்துகொண்டு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருவார்கள். அந்த மழைக்காலத்திலும் குழந்தைகள் இறந்தார்கள். ஆனால் ரத்தத்துக்காகக் காத்திருந்த ராத்திரிகள் குறைந்தன.

டிசம்பரில் புறப்படும்போது நோட்டை லேப் தம்பியிடம் ஒப்படைத்தேன். கடைசிக் கடிதத்தோடு அந்த 61 பேரின் முதல் பெயர்களை மட்டும் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பின்வரிசைப் பெரியம்மா என்னிடம் வந்தார்.

"இதுல முகமதுன்னு ஏழு பேர் இருக்காங்களே பிள்ளே. நான் எந்த முகமதுக்கு ஜெபிக்க?"

"ஏழு பேருக்கும் பெரியம்மா" என்றேன்.

"அப்படித்தான் செஞ்சுக்கிட்டு இருக்கேன். சரியான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.