எங்கள் கல்வியியல் துறைக்கு வெளிநாடு வந்த கதை

‘பன்னாட்டு உறவு ஒருங்கிணைப்பாளர்’ என்ற பொறுப்பை என் தலையில் கட்டிய அன்று, துறைத்தலைவர் ஒரு பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்தார். உள்ளே ஏழு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்து, முத்திரை, கைகுலுக்கும் போட்டோ. ஆனால் அவற்றால் ஒரு மாணவர்கூட எங்கும் போகவில்லை; யாரும் இங்கே வரவுமில்லை. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வந்தால் மட்டும் பீரோ திறக்கும்.

எனக்கும் முதலில் பெரிய ஆசைதான். யுஜிசி என்னும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள்படி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கூட்டுப் பட்டம் தரலாம். இரண்டு இடத்திலும் குறைந்தது 30 சதவீத கிரெடிட் (பாடத்துக்கான மதிப்பளவு) படித்திருக்க வேண்டும். இதை வைத்து ஒரு மாதம் கோப்பு எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது, பி.எட். என்சிடிஇ என்னும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் பிடியில் உள்ள படிப்பு. மொத்தம் இரண்டே ஆண்டு, அதில் 20 வாரம் பள்ளி இன்டர்ன்ஷிப், ஆண்டுக்கு 200 வேலை நாள். இதில் ஒரு பருவத்தைப் பிய்த்து எடுத்து வெளிநாடு அனுப்ப எங்கே இடம்? போதாக்குறைக்கு, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று வகுப்பில் கேட்டேன். 48 பேரில் 3 கைகள் உயர்ந்தன. கோப்பை மூடிவிட்டேன்.

ஒரு கருத்தரங்கில் அறிமுகமான பின்லாந்து ஆசிரியப் பயிற்றுநருக்கு மின்னஞ்சல் போட்டேன். ஒப்பந்தம் எதுவும் வேண்டாம், தரப்புக்கு 12 மாணவர்கள், ஆறு வாரம், வீடியோவில் சேர்ந்து பாடம் தயாரிப்போம் என்றேன். இரண்டே நாளில் பதில் வந்தது. சம்மதம் சொல்லிவிட்டு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: “எங்கள் மாணவர்கள் உங்களிடம் என்ன கற்றுக்கொள்ளலாம்?”

பதில் எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. பின்லாந்துக் கல்வி என்றாலே நம் ஊரில் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். அவர்களுக்கு நாம் என்ன கொடுப்பது என்று யாரும் யோசித்ததில்லை. கடைசியில் எங்கள் கிராமத்துத் தொடக்கப்பள்ளிதான் கைகொடுத்தது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலை பார்த்துப் பிரித்து, ஒரே அறையில் ஓர் ஆசிரியை சமாளிக்கிறார். பின்லாந்திலும் சின்ன ஊர்ப் பள்ளிகளில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துத்தான் நடத்துகிறார்களாம். அதையே பொதுத் தலைப்பாக்கிக்கொண்டோம்.

முதல் இரண்டு அமர்வுகளும் படுதோல்வி. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள், ஆங்கிலம் என்றதும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது வாரம் பேச்சே வேண்டாம், ஆளுக்கொரு கற்பித்தல் துணைக்கருவியைச் செய்து காட்டுங்கள் என்று சொன்னேன். ஒரு மாணவி புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக முடிந்து எடுத்து வந்தாள். எண்பத்தொன்பது வரை எண்ணிக் காட்டிவிட்டு, “இதற்கு அடுத்ததில்தான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுவார்கள்” என்று தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னாள். தொண்ணூறு என்ற சொல்லுக்குள்ளேயே நூறு உட்கார்ந்திருக்கிறதே! எனக்கும் அன்றுதான் அது காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு பையன் சிரித்துக்கொண்டே தங்கள் சங்கடத்தைச் சொன்னான். பின்னிஷ் மொழியில் பதினொன்று ‘யுக்ஸிதொய்ஸ்தா’. ‘இரண்டாவதில் ஒன்று’ என்று பொருளாம், அதாவது இரண்டாவது பத்தில் முதலாவது. பேச்சு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஓடியது. அதன் பிறகு கேமராவை யாரும் அணைக்கவில்லை.

ஒரு கூத்தும் நடந்தது. அவர்களுக்குக் காலை பத்தரை என்றால் நமக்கு மதியம் இரண்டு என்று அட்டவணை போட்டிருந்தேன். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த அமர்வில் அவர்கள் பத்தரைக்கு வந்து காத்திருக்க, இங்கே மணி ஒன்று. என் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். மன்னிப்பு மின்னஞ்சல் நான்தான் எழுதினேன்.

அடுத்த ஆண்டு அங்கிருந்து இரண்டு மாணவிகள் மூன்று வாரம் வந்தார்கள். பள்ளிக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்கு மூன்று முறை நடந்தேன். அதைவிடப் பதறவைத்தது படிவம் சி. வெளிநாட்டினர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். விருந்தினர் விடுதி மேலாளர், “அதெல்லாம் ஓட்டல்காரங்களுக்குத்தானே மேடம்?” என்றார். இரவு பதினொரு மணிக்கு அவருக்குக் கணக்கு உருவாக்கி, பாஸ்போர்ட்டை என் போனில் படமெடுத்து நானே ஏற்றினேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் விமான டிக்கெட் போடும் முன்பே இந்தக் கணக்கை உருவாக்கிவையுங்கள்.

பள்ளியில் அந்த இருவரும் தரையில் சம்மணமிட முயன்று, முடியாமல், காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வகுப்பாசிரியை ஓர் அட்டையைக் கையில் திணித்து, மொட்டுக் குழுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் யாரிடமும் ஆங்கிலத்தில் பேசவும் இல்லை, தயங்கவும் இல்லை.

இப்போது இந்த ஆறு வாரத்துக்கு ஒரு கிரெடிட் கொடுக்கிறோம். இரண்டாவது கிரெடிட்டுக்கான கோப்பு பாடத்திட்டக் குழுவில் கிடக்கிறது. பின்லாந்துக் கடிகாரம் மாறும் தேதியை மட்டும் நோட்டீஸ் போர்டில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியாகிவிட்டது.