ஐந்தாவது நாற்காலி

ஜூலை 16, 2023, ஞாயிறு. சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

எங்கள் மேசையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கேரக்டராகக் கதைக்குள் நடித்து, நடப்பதைப் பகடையால் தீர்க்கும் ஆட்டம். கதையை நடத்தும் டிஎம் நான். மற்றவர்களைக் கேரக்டர் பெயரால்தான் எழுதுகிறேன்: வில்லாளி, திருடன், மந்திரவாதி, பூசாரி. இன்று வில்லாளியாக ஆடுபவள் பேசும்போதெல்லாம் திருடனாக ஆடுபவன் குறுக்கிட்டான். பிறகு கதையில் வரும் கைதிப் பெண்ணை வைத்து ஒரு வரி சொன்னான். மூன்று நொடி. யாரும் பேசவில்லை. பிறகு யாரோ பகடையை உருட்டினார்கள், ஆட்டம் தொடர்ந்தது.

ஜூலை 17, திங்கள்

48 மணி நேரத்துக்குள் அவனிடம் பேசிவிட வேண்டும். அதைத் தாண்டினால் "அதுவா, எப்பவோ நடந்தது" என்றாகிவிடும். வாட்ஸ்அப் குழுவில் எழுதவே கூடாது. நாலு பேர் பார்க்கக் கேட்டால் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் அவன் பதில் சொல்வான். தனியாக, போனில், 10 நிமிடம் போதும்.

ஆளை விட்டுவிட்டுச் செயலைப் பேச வேண்டும். "நீ பெண்களை மதிக்காதவன்" என்றால் அம்மாவையும் அக்காவையும் சாட்சிக்குக் கூப்பிடுவான், பேச்சு அங்கேயே முடியும். "வில்லாளி திட்டம் சொல்லும்போது நாலு தடவை குறுக்கே பேசினாய். கைதிப் பெண்ணை வைத்து நீ சொன்ன அந்த வரி இந்த மேசைக்கு ஆகாது." இதை மறுக்க இடமில்லை. "அவள் வருத்தப்பட்டாள்" என்று மட்டும் வாயில் வரக் கூடாது. "நான் கேட்டேன், எனக்கு ஒப்பவில்லை." புகாரின் பாரம் அவள் தலையில் ஏறினால் அடுத்த ஆட்டத்தில் அந்த நாற்காலி காலி.

ஜூலை 18, செவ்வாய்

பேசியாயிற்று. 7 நிமிடம். எதிர்பார்த்த பதில்தான்: "என் கேரக்டர் அப்படிப்பட்ட ஆள்." கேரக்டரைப் படைத்தவன் நீதானே என்று வாதாடினால் இரவு முழுக்க ஓடும். "அதே திருடன் அந்த இடத்தில் வேறு என்ன செய்திருப்பான்? மூன்று சொல்" என்று கேட்டால் போதும். இரண்டு உடனே வந்தது, மூன்றாவதற்கு யோசித்தான்.

பிறகு மன்னிப்பு. "மனசு புண்பட்டிருந்தா மன்னிச்சுக்கோ" என்று தொடங்கினான். அந்த "இருந்தா" இருக்கும்வரை அது மன்னிப்பே இல்லை. செய்ததைப் பெயர் சொல்லி, ஒரே வாக்கியத்தில், அவள் கேட்கத் தயார் என்றால் மட்டும்.

ஜூலை 20, வியாழன்

திருடனை டிராகன் வாயில் போட்டுவிடலாம் என்று மந்திரவாதி சொல்கிறார். ஆட்டத்துக்குள் தண்டித்தால் எதற்குத் தண்டனை என்று யாருக்கும் தெரியாது. டிஎம்முக்கும் அவனுக்கும் போட்டி என்றாகிவிடும், அடுத்த வாரம் அதே வாயோடு புதுக் கேரக்டர் வரும். மேசையில் நடந்ததை மேசைக்கு வெளியேதான் பேச வேண்டும்.

ஜூலை 23, ஞாயிறு

ஆடிக் கூழ். கோயிலில் கூட்டம், இன்று ஆட்டம் இல்லை. வரிசையில் நிற்கும்போதும் இதே நினைப்பு.

"தங்கச்சி, நீ இரு, நான் சொல்றேன்." அன்பாகத்தான் வருகிறது அந்தச் சொல். வந்ததும் அவளுக்கு வயது குறைந்துவிடுகிறது. அவன் சொல்வது அறிவுரை, அவள் மறுத்தால் மரியாதை தெரியாதவள். அப்புறம் மற்றவர்கள்: "நம்ம அண்ணன்தானே, விடு." உறவுமுறையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இங்கே பல வீடுகளில் மிஞ்சியிருக்கும் தமிழே அக்கா, அண்ணா, தாத்தாதான். ஆகவே இப்படி: பகடை கையில் இருக்கும்வரை கேரக்டர் பெயர் மட்டும். தேநீருக்கு எழுந்தால் மறுபடி அக்கா, அண்ணே.

ஜூலை 26, புதன்

1978-இல் வந்த ஏடி அண்ட் டி (இதே ஆட்டத்தின் பழைய வடிவம்) கையேட்டில் மனிதப் பெண் போர்வீரரின் பலம் 18/50-க்கு மேல் போகக் கூடாது. ஆணுக்கு 18/00 வரை (00 என்றால் 100, அதுதான் உச்சம்). ஹாஃப்லிங் என்ற குட்டை இனத்துப் பெண்ணுக்கு 14-தான். 1989-இல் இரண்டாம் பதிப்பு அதை நீக்கியது. அச்சில் இருந்ததால் எடுக்க முடிந்தது. வில்லாளி ஒரு விதியைச் சொன்னால் மட்டும் "புத்தகத்தைப் பார்ப்போம்" என்கிறார்கள். அந்த வழக்கம் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. இனி விதித் தகராறுக்கு 2 நிமிடம், யார் சொன்னாலும். முடியாவிட்டால் நான் தீர்ப்பு சொல்வேன், ஆட்டம் முடிந்தபின் புத்தகம்.

ஜூலை 30, ஞாயிறு

எக்ஸ் கார்டு எழுதினேன். ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் உருவாக்கிய முறை: நடுவில் ஓர் அட்டை, தொட்டால் அந்த விஷயம் கதையிலிருந்து போய்விடும், காரணம் கேட்கக் கூடாது. எங்கே பழுதாகிறது என்றால், முதலில் தொட எல்லோருக்கும் கூச்சம். முதல் மணி நேரத்திலேயே டிஎம் ஒரு சின்ன விஷயத்துக்குத் தொட்டுக் காட்ட வேண்டும். சிலந்தி போதும்.

கோடும் திரையும் ரான் எட்வர்ட்ஸிடமிருந்து வந்தவை: கதையில் வரவே கூடாதவை கோட்டுக்கு அப்பால், வந்தாலும் காட்டாமல் கடப்பவை திரைக்குப் பின்னால். இதை வாய்விட்டுக் கேட்டால் முதலில் பேசுபவர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். 12 வரி அச்சிட்டுக் கொடுத்து, வீட்டில் நிரப்பி, பெயரில்லாமல் தொகுக்க வேண்டும். யாராவது ஒருவர் "கூடாது" என்றாலும் எல்லோருக்கும் கூடாது. ஒரு கேரக்டர் இன்னொருவரின் கேரக்டரை வசீகரிக்கப் பகடை உருட்டுவதையும் கோட்டுக்கு அப்பால் வைத்துவிட்டேன். அடுத்தவர் மனதைப் பகடை தீர்மானிக்காது.

ஆனால் அட்டை கதைக்குத்தான். அவளுடைய கேரக்டர் விவரத்தாளை அவளுக்கே விளக்குவது, அவள் பகடையை எடுத்துக் கூட்டிச் சொல்வது, இதற்கெல்லாம் அட்டை உதவாது. அதற்கு நான் வாய் திறக்க வேண்டும். அந்த மூன்று நொடிக்குள்.

ஆகஸ்ட் 2

வில்லாளிக்கு அனுப்பிய அழைப்பில் நீலக் குறி மட்டும். பதில் இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

யார் குறுக்கே பேசினாலும் தாளில் ஒரு கோடு, 30 நிமிடத்துக்கு. ஞாபகத்தை நம்பினால் சத்தமாகப் பேசுபவரே குறைவாகப் பேசியதாகத் தோன்றும். சண்டையில் வரிசை இருக்கிறது, பேச்சில்தான் இல்லை. பேச்சுக்கும் வரிசை வைத்து, 3 நிமிட மணல் கடிகாரத்தைச் சுற்றி விட வேண்டும். தடம் தேடுவது வில்லாளியின் திறமை என்றால் முதலில் வாய் திறப்பதும் வில்லாளிதான்.

ஆகஸ்ட் 9, புதன்

தென்னாப்பிரிக்க மகளிர் தினம், விடுமுறை. 1956-இல் பிரிட்டோரியாவில் யூனியன் பில்டிங்ஸ் முன்னால் சுமார் 20,000 பெண்கள் அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள். அந்த மௌனத்தில் என்ன பலம். என்னுடைய மூன்று நொடியை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அவனை வைத்துக்கொள்வதா என்று ஓட்டெடுக்கச் சொல்கிறார் பூசாரி. மாட்டேன். ஓட்டு என்றால் எல்லோர் முன்னாலும் அவளும் கை தூக்க வேண்டும். மறுபடி நடந்தால் அன்றே வெளியே, முடிவு என்னுடையது. அவனிடம் சொல்லிவிட்டேன்.

அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறேன்: "அது இங்கே வேண்டாம். முந்தின காட்சிக்குப் போவோம். உருட்டியது செல்லாது. பூசாரி, நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" கடைசிக் கேள்வி முக்கியம். அடுத்த வேலை உடனே இன்னொருவர் கைக்குப் போனால் விவாதம் கிளம்பாது, எல்லோர் கண்ணும் அவள்மேல் திரும்பாது.

ஆகஸ்ட் 12, சனி

பதில் வந்தது. "எத்தனை மணிக்கு முடியும்?"

4.30, கட்டாயம். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அதற்குமேல் டாக்சிக்கு அவள் தனியாக நிற்கக் கூடாது. மந்திரவாதியும் அவர் மனைவியும் காரில் அந்தப் பக்கம்தான் போகிறார்கள், வேண்டுமானால் சேர்ந்து போகலாம் என்று எழுதினேன். வேண்டுமா என்பதை அவளே சொல்லட்டும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மதியம் மின்வெட்டு. மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன், எல்லார் முகமும் தெரிய வேண்டும். நாற்காலி 5.