ரோஜா இதழும் ரோபோவும்

'ஐயம் யுவர் மேன்' பார்த்தாச்சு. 2021-இல் மரியா ஷ்ரேடர் இயக்கிய ஜெர்மன் காதல் நகைச்சுவைப் படம். பெர்லினில் பழங்கால ஆப்பெழுத்துப் பலகைகளை (ஆப்பு வடிவக் கோடுகளால் எழுதிய களிமண் பலகைகள்) ஆராயும் ஆல்மா, தனக்கென்றே வடிவமைத்த ரோபோ ஆணோடு 3 வாரம் வாழ்ந்து பார்க்க வேண்டும்.

மெழுகுவர்த்தி ஏற்றி, குளியல் தொட்டியில் ரோஜா இதழ் தூவிக் காத்திருக்கிறான் டாம் என்ற அந்த ரோபோ. ஜெர்மன் பெண்களில் 93 சதவீதம் பேரின் கனவு இதுதானாம். ஆல்மா அந்த மீதி 7! வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அவளுடைய பல வருட ஆய்வை வேறொரு குழு முந்திக்கொண்டது தெரிந்து அவள் உடைந்துபோகும்போது, பக்கத்தில் நிற்பதும் அவன்தான்.

இது காதலா, தனிமை செய்யும் வேலையா என்று பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். நான் காதல் கட்சி. ஆல்மாவாக நடித்து, இதற்காகப் பெர்லின் திரைப்பட விழாவில் நடிப்புக்கான வெள்ளிக் கரடி விருது வாங்கிய மாரென் எகர்ட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.