பெரும்பாக்கம், ஏழாவது மாடி

சென்னைக் குடிசைவாசிகளை ஊருக்கு வெளியே குடியமர்த்துவது பற்றிய என் ஆய்வுக்காக நேற்றும் பெரும்பாக்கம் போயிருந்தேன். அப்படிக் குடியமர்த்தப்பட்டவர்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு அது. ஏழாவது மாடி அக்கா இன்னமும் வீட்டு வேலைக்கு மயிலாப்பூர்தான் போகிறார். நாலரைக்கே எழுந்து, சோறு வடித்து, மகளுக்கு டப்பா கட்டிவைத்துவிட்டு பஸ் ஏறுகிறார். “முன்னாடி நடந்தே போயிடுவேன் தம்பி. மத்தியானம் வந்து பிள்ளையப் பாத்துட்டும் போவேன்” என்றார்.

1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில், பெரும்பாலும் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டினார்கள். பிறகு நகருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள்: 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அதுவும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில்!

ஒரு வீட்டுக்கு எத்தனை லட்சம் என்று கணக்கெழுதுகிறோம், சரி. அக்காவின் பஸ் நேரத்தை எங்கே எழுதுவது? என் ஆய்வேட்டில் அதற்குத் தனி அத்தியாயமே வைக்கப்போகிறேன்.