மத்தில்டே ஏன் உடையவில்லை?

சிறுகோள் படங்களிலேயே நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது மத்தில்டேயின் படத்தைத்தான். 1997 ஜூன் 27 அன்று நியர் விண்கலம் எடுத்தது. வெயில் படும் விளிம்புகள் மட்டும் வெளுத்துத் தெரிய, நடுவில் ஒரு பெரிய பள்ளம் முழுக்க இருட்டாகக் கிடக்கும், அதன் அடி எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடவே பிடிபடாது. அந்த வெளுப்பும்கூடப் படத்தில் தெரிவதற்காகக் கூட்டிய வெளிச்சம்தான். உண்மையில் அது தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கரித்துண்டைவிடக் கறுப்பு, அத்தனை கார்பன்.

1885-ல் வியன்னாவில் ஜோஹான் பலிசா இதைக் கண்டுபிடித்தார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் வெறும் ஒளிப்புள்ளிதான். நியர்கூட இதற்காகக் கிளம்பியதல்ல, ஈரோஸ் என்ற வேறொரு சிறுகோளுக்குப் போகிற வழியில் 1,212 கிலோமீட்டர் தள்ளி, நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து போனது. அங்கே வெயில் குறைவு என்பதால் சோலார் தகடுகளிலிருந்து கால்வாசி மின்சாரம்தான் கிடைத்தது, அதனால் கருவிகளில் கேமரா மட்டும் வேலை செய்தது. அப்படியும் 500 படங்களுக்கு மேல் வந்து சேர்ந்தன!

சரி, அந்தப் பள்ளத்துக்கு வருவோம். பெயர் கரூ, அகலம் 33 கிலோமீட்டர். மத்தில்டேயே 66 கிலோமீட்டர் நீளமும் 50-க்கும் குறைவான அகலமும் உள்ள பாறைதான். வேறொரு பாறை வந்து மோதி இவ்வளவு பெரிய அடி விழுந்தால் சுக்குநூறாகியிருக்க வேண்டாமா? அதுவும் ஒன்றல்ல, பக்கத்திலேயே இன்னும் சில பெரிய பள்ளங்கள், புதிய அடி பழைய பள்ளத்தின் விளிம்பைக்கூடப் பெரிதாகக் கலைக்கவில்லை.

விடை அதன் எடையில் இருக்கிறது. கடந்து போகும்போது மத்தில்டேயின் ஈர்ப்பு விண்கலத்தின் பாதையைத் துளி வளைத்தது. அந்த வளைவை ரேடியோ சிக்னலில் அளந்து எடையைக் கணக்கிட்டார்கள், அடர்த்தி தண்ணீரைப்போல் 1.3 மடங்குதான் வந்தது. அதாவது உள்ளே பாதி வெற்றிடம். கருங்கல்லில் சம்மட்டி விழுந்தால் விரிசல் மறுமுனை வரை ஓடும், மணல் குவியலில் குத்தினால் குத்திய இடம் மட்டும் அமுங்கும். மத்தில்டே இரண்டாவது ரகம். மோதலின் வேகமெல்லாம் உள்ளே இருக்கும் இடைவெளிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. இந்த விளக்கத்தை முதலில் படித்த நாளில் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அங்குள்ள பள்ளங்களுக்கு உலகின் நிலக்கரிப் படுகைகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். கரூ தென்னாப்பிரிக்காவுடையது, இஷிகாரி ஜப்பானுடையது, நம் தாமோதரும் உண்டு. இதைவிடப் பொருத்தமாக யாராலும் பெயர் வைத்திருக்க முடியாது.

தன்னைத்தானே ஒருமுறை சுற்ற மத்தில்டேக்கு 17 நாளுக்கு மேல் ஆகும். நியர் பார்த்துவிட்டுப் போன அந்தச் சில நிமிடங்களில் அது திரும்பவே இல்லை. அதன் பிறகு எந்த விண்கலமும் அந்தப் பக்கம் போகவில்லை. இருட்டில் கிடந்த மறுபாதியில் கரூவைவிடப் பெரிய பள்ளம் இருக்குமோ?